மரப்பயிரும் நிலவிலையும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் பயிற்றும் எமக்கு மரத்தையும் மனையையும் பற்றிப் பேச என்ன உரிமை உண்டு என்று சிலர் வினவக்கூடும். கிரயப் பத்திரத்தைக் கையிற் கொண்டு, 'பண்டிதரே, இதில் என்ன எழுதியிருக்கிறது?' என்று கேட்டு நம்மவர் எம் திண்ணைக்கு வருவது நாளுக்கு நாள் மிகுந்து வருகின்றது. ஆதலின் இப்பொருளை ஒதுக்குதல் எமக்கு இயலாதாயிற்று.

ஓசூரில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. அதன்பின் அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் முதலிய ஆலைகள் வந்தன. அண்மையில் கெலமங்கலத்தை அடுத்த திம்ஜேப்பள்ளியில் டாடா நிறுவனத்தின் மின்னணு ஆலையும், போச்சம்பள்ளிப் பக்கத்தில் ஓலா நிறுவனத்தின் மின்சார வண்டி ஆலையும் எழுந்துள்ளன. கேழ்வரகும் கொள்ளும் விளைந்த புன்செய்க்கு அதன் விளைவைக் கருதி விலை சொல்வார் இன்று இலர்.

இதற்கு எல்லைக்கு அப்பாலிருந்தும் ஒரு காரணம் உண்டு. கர்நாடகத்தில் உழவரல்லாதாரும், பிற தொழிலால் பெருவருவாய் உடையோரும் விளைநிலம் வாங்குதலை 1974 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தடுத்திருந்தது. 2020 இல்தான் அத்தடை நீங்கிற்று. தமிழ்நாட்டிலோ அத்தகைய தடை இருந்ததில்லை. பெங்களூர்ச் செல்வர் அத்திப்பள்ளியைத் தாண்டி நம் பக்கம் வந்ததில் வியப்பென்ன? வாங்கிய நிலத்தை உழ அவருக்கு நேரமில்லை. வெறுங்காடாக விடவும் மனமில்லை. ஆகவே வேலியிட்டு மரம் நட்டார். அம்மரம் அவருக்குப் பயிரன்று, காவற்காரன்.

நம்மவரும் மரம் நடுகின்றனர். அதன் காரணம் வேறு. இளைஞர் ஆலைக்குச் சென்றுவிட்டனர். களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கங்களில் கேழ்வரகு கதிர்விடும் காலத்தே யானைக்கூட்டம் இறங்குகின்றது. இவர்க்குச் சவுக்கும், தைலமரமும், மலைவேம்பும் மெய்யான பயிரே. புகழூர்க் காகித ஆலை 2004 முதல் உழவர் நிலங்களில் மரம் வளர்க்கும் திட்டத்தை நடத்தி வருகின்றது. ஆயினும் கிருஷ்ணகிரியிலிருந்து அங்கே கட்டை போய்ச் சேர்வதற்குள் வண்டிக் கூலி விலையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். தைலமரத்தையோ, நிலத்தடி நீரை வற்றச் செய்கிறதென்று கர்நாடக அரசு 2017 இல் புதிதாக நடலாகாதென விலக்கியது. நம் பக்கத்துக் கிணறுகளும் ஆழ்துளைகளும் அக்கிணறுகளின் உடன்பிறப்புக்களே அல்லவா?

இனிக் கணக்கிற்கு வருவோம். மரக்காட்டு நிலத்தின் மதிப்பை, மீண்டும் மீண்டும் வரும் வெட்டின் வருவாயை வட்டியாற் கழித்துக் காணும் முறையை ஜெர்மனி நாட்டு வனநூலறிஞர் மார்ட்டின் பௌஸ்ட்மன் என்பார் 1849 இலேயே வகுத்தார். நூற்றுக்கு எட்டு வட்டியென்று வைத்துக்கொள்வோம். ஏழாண்டு கழித்து வரும் ஒரு லட்சம் இன்றைக்கு ஏறக்குறைய 58,000 ரூபாய். இருபதாண்டு கழித்து வருவது 21,000. முப்பதாண்டு கழித்து வருவது 10,000 கூட முழுதாக ஆகாது. 'உம் பேரன் கோடீசுவரன்' என்று விளம்பரத்தில் அச்சிடுவோர் இதனை அச்சிடுவதில்லை.

ஓர் ஏக்கரை ஐம்பது லட்சத்துக்கு ஒருவர் வாங்கினாரெனக் கொள்வோம். வட்டி மட்டும் ஆண்டுக்கு நான்கு லட்சம். பத்தடிக்கு ஒன்றாக நட்டால் ஏக்கருக்கு 435 மரம். ஒவ்வொரு மரமும் ஆண்டுதோறும் 900 ரூபாய்க்கு மேல் வளர்ந்தால்தான் வட்டி தீரும். முதல் அப்படியே நிற்கும். மலைவேம்பிற்கும் சவுக்கிற்கும் அது இயலாத செயல். ஆகவே அவர் நம்புவது மரத்தை அன்று, நிலவிலை ஏறுமென்பதையே. முன்னோர் நிலத்தை விற்கும் எண்ணமின்றி உழுபவர்க்கு இவ்வட்டிக் கணக்கு வேண்டா. நாற்று, நீர், வெட்டுக் கூலி போக மிச்சமென்ன என்பதே அவர் கணக்கு. ஒருவர் கணக்கை மற்றவர் தலையில் ஏற்றுவதால்தான் கேடு விளைகின்றது.

தேக்குமரத்தின் பேரால் 1990-களில் பணம் திரட்டிய சென்னை நிறுவனமொன்று அனுபவ் எனப் பெயர் பூண்டிருந்தது. 1998 இல் அது முறிந்தபோது, பணம் கட்டியோர்க்கு எஞ்சியது அப்பெயரின் பொருளே. அத்தகைய திட்டங்களுக்குச் செபி அமைப்பு 1999 இல் விதிகள் வகுத்தது. இன்று அதே மொழி சந்தனத்தையும் மகோகனியையும் சுட்டி வருகின்றது. இலக்கணத்தில் ஆகுபெயர் என்றொன்று உண்டு. இக்காலத்தில் 'தோட்டம்' என்பது மனைக்கு ஆகுபெயராயிற்று! பட்டா நிலத்துச் சந்தனம் இப்போது நிலத்தாருக்கே உரியதெனினும், வனத்துறையின் அனுமதியின்றி வெட்டலாகாது. கள்வனுக்கு அவ்விதி இல்லை.

விளைநிலத்தை அங்கீகாரமின்றித் துண்டாக்கி விற்கும் மனைகளைப் பதிவு செய்தலைச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடுத்தது; மறுவருடம் அவற்றை வரன்முறை செய்யும் விதிகள் வந்தன. ஆகவே முன்பணம் வாங்குமுன் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். அண்டை நிலத்துக்குச் செல்லும் வண்டிப்பாதை எவர் பட்டாவில் அடங்கியிருக்கிறதெனவும் பாருங்கள். ஒருவர் விற்று வேலி எழுந்தபின் நால்வர் நிலத்துக்கு வழியின்றிப் போதலை நம்மூர்களில் யாம் கண்டுள்ளோம்.

தாய்மார்கள் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. தமிழ்நாட்டில் 1989 முதலும், நாடெங்கும் 2005 முதலும் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளிர்க்கும் சம உரிமை உண்டு. பிரிபடாத நிலத்தில் தமையன் இன்று மரம் நடுகின்றான், வெட்டும் பருவத்தில் தங்கையர் பங்கு கேட்பர், அது முறையே. நட்டவன் உழைப்புக்குக் கூலி யாது, மரம் எவர்க்கு எத்தனை பங்கு என்று கன்று ஊன்றுமுன்னே அனைவரும் எழுதிக் கையொப்பமிடுக. அவ்வோலையை எழுதித் தர எம்மை அழைப்பின், ஞாயிறுதோறும் காலையில் யாம் சங்கக் கட்டடத்தில் இருப்போம்; கட்டணம் இல்லை.