திருப்பரிவட்டமும் தறியும்
(குடமுழுக்கு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



திருப்பணிக்குப் பொருள் ஈந்த செல்வர்களைக் கல்வெட்டுப் போற்றும். ஆயின், இறைவன் திருமேனியில் சாத்தப் பெறும் ஆடையை நெய்த கைகளை நினைப்பார் சிலரே. அக்கைகளைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

நம் நாட்டில் நெசவு மிகத் தொன்மையானது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க வணிகர் கையேடு ஒன்று ‘அர்காரு’ என்னும் ஊரின் மெல்லிய துகிலைக் குறிக்கின்றது. அவ்வூர் உறையூரே என்பர் அறிஞர். 1945-ஆம் ஆண்டு அரிக்கமேட்டை அகழ்ந்தபோது வெளிப்பட்ட செங்கற்றொட்டிகளைச் சாயத் தொட்டிகள் எனக் கருதினர். சோழர் கல்வெட்டுக்களில் ‘தறியிறை’ என்னும் வரியும் உண்டு. இறைவனுக்குரிய ‘திருப்பரிசட்டம்’ என்னும் சொல்லும் உண்டு. அரசுக்கு வரி செலுத்திய தறியே ஆண்டவனுக்கு ஆடையும் அளித்தது.

அத்தறியில் அமர்ந்தே சிவபதம் எய்தியவர் நேச நாயனார். காம்பீலியில் சாலியர் குலத்திற் பிறந்த அப்பெரியார், மனத்தை ஈசன் கழலிலும், வாக்கைத் திருவைந்தெழுத்திலும் வைத்தார். கைத்தொழிலையோ அடியார்க்கே ஆக்கினார். உடையும் கீளும் கோவணமும் நெய்து, வேண்டிய அடியார்க்கு வேண்டியவாறு ஈந்தார். தொழிலைத் துறந்து அவர் தொண்டு செய்யவில்லை. தொழிலே அவருக்குத் தொண்டாயிற்று.

அத்தொழிலின் அருமையைக் காஞ்சிபுரத்திற் காணலாம். உடலும் கரையும் வேறு வேறு நிறமாயின், மூன்று நாடாக்கள் கொண்டு ‘கோர்வை’ இட்டு நெய்வர். நெய்பவர் ஒருவர், மறுகரை நாடாவைச் செலுத்தத் துணைவர் ஒருவர். இருவர் கையும் ஒத்தாலன்றிக் கரையும் உடலும் பொருந்தா.

இத்தொழில் இன்று தளர்கின்றது. விசைத்தறியின் விரைவுக்கும் விலைக்கும் கைத்தறி ஈடுகொடுத்தல் அரிது. சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-இல் சட்டம் செய்தனர். 2019–20 கணக்கெடுப்பின்படி நாடெங்கும் 35 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கைத்தறி நெசவிலும் சார்பு வேலைகளிலும் ஈடுபட்டிருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். வாங்குவார் இல்லையேல் சட்டம் மட்டும் தறியைக் காவாது.

ஆகவே அன்பர்காள்! சுவாமிக்கும் அம்பாளுக்கும் வஸ்திரம் சாத்த விரும்புவோர், அது கைத்தறியில் நெய்யப்பட்டதா எனக் கேட்டு வாங்குங்கள். இயன்றோர், ஆண்டுக்கொரு முறை நெசவாளரிடமே நேரில் சொல்லி நெய்வித்துச் சாத்துங்கள். அப்பொழுது நீங்கள் கொடுத்த பொருள் ஆண்டவனுக்கு ஆடையாகும். அடியவன் வீட்டில் அடுப்பும் எரியும். நேசர் காட்டிய நெறி அதுவே.