பின்னால் வருபவரின் கை



பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் உறவுக்காரப் பிள்ளைகள் ரக்பி பற்றிப் பேசக் கேட்டிருப்பீர்கள். அணிக்குப் பதினைந்து பேர். முட்டை வடிவப் பந்து. பந்தைக் கையில் ஏந்தி முன்னால் ஓடலாம். ஆனால் முன்னால் நிற்பவருக்கு அதை எறியக் கூடாது. பக்கத்திலோ பின்னாலோ வருபவரை நம்பித்தான் கொடுக்க வேண்டும்.

இந்த விளையாட்டில் உலகத்தையே வியக்கவைத்தவர் நியூசிலாந்தின் ஜோனா லோமு. ஆறடி ஐந்து அங்குல உயரம். 19 வயதிலேயே நாட்டின் அணியில் இடம்பிடித்தார். 1995 உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்து வீரர்களை மோதித் தள்ளிக்கொண்டு நான்கு முறை எல்லைக்கோட்டைக் கடந்து பந்தை ஊன்றினார். அதே ஆண்டு ஆகஸ்டில் ரக்பி, ஊதியம் பெற்று ஆடும் தொழில்முறை விளையாட்டானது. அதன் முதல் பெரிய நட்சத்திரம் லோமுதான்.

அந்த ஆண்டு முடிவதற்குள் அவருக்குச் சிறுநீரக நோய் இருப்பது தெரிந்தது. நோயோடு போராடிக்கொண்டே 2002 வரை நாட்டுக்காக 63 ஆட்டங்கள் ஆடினார். 2003-இல் டயாலிசிஸ் தொடங்கியது. மலைபோன்ற அந்த மனிதர் இயந்திரத்தின் துணையால் உயிர் வாழ்ந்தார்.

2004 ஜூலையில் தம் சிறுநீரகங்களில் ஒன்றை அவருக்குக் கொடுத்தவர் கிராண்ட் கெரீமா. இவர் விளையாட்டு வீரர் அல்லர். ஒரு வானொலி அறிவிப்பாளர். அந்தக் கொடையால் லோமு மறுபடியும் மைதானத்தில் இறங்கினார். 2009-இல், 34 வயதில், மர்சேய் நகரக் கழகம் ஒன்றுக்காகவும் ஆடினார். அதைவிட மேலாக, இரண்டு ஆண் குழந்தைகளுக்குத் தந்தையானார். 2011-இல் அந்தச் சிறுநீரகம் செயலிழந்தது. 2015 நவம்பரில், 40 வயதில், இறந்தார். ஏழாண்டுக் காலம் ஒரு நண்பர் கொடுத்த கொடை.

அன்பர்களே, நம் தெருக்களிலும் டயாலிசிஸுக்குப் போய்வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாழ்வு கொடுக்கும் உறுப்புகளை நாம் மண்ணில் புதைக்கிறோம். "உயிர்த்தெழும் நாளில் உடலில் குறையிருக்குமோ" என்று தயங்குகிறோம். மண்ணாகிப்போன உடலையே உயிர்ப்பிக்க வல்ல இறைவனுக்கு அது ஒரு குறையா? திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000-ஆம் ஆண்டு உரோமையில் உறுப்பு மாற்று மருத்துவர்களிடம் பேசியபோது, உறுப்புக் கொடையை உண்மையான அன்புச் செயல் என்று போற்றினார். விலை பேசாமல், மனம் விரும்பிக் கொடுப்பதுதான் கொடை என்பதையும் வலியுறுத்தினார்.

எனவே இன்று இரவு சாப்பாட்டு வேளையில் வீட்டில் இதைப் பேசுங்கள். 'நான் இறந்தபின் என் உறுப்புகளைக் கொடுத்துவிடுங்கள்' என்று பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லிவையுங்கள். அழுகையின் நடுவே முடிவெடுக்கத் தடுமாறுபவர்களுக்கு அந்தச் சொல் துணையாக இருக்கும். டயாலிசிஸுக்குப் போகும் அண்டை வீட்டாரை ஒருநாள் வண்டியில் அழைத்துப்போய், முடியும்வரை உடன் இருங்கள். பந்து நம் கைக்கு வரும்போது வாங்கிக்கொள்ள நாம் பின்னால் இருக்க வேண்டும்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.