பணக்காரப் பைத்தியம்

தோழர்களே! பைத்தியத்திலே பணக்காரப் பைத்தியம் தனி ரகம். சேதியைக் கேளுங்கள்.

2024 நவம்பரில் நியூயார்க் நகரிலே சோத்பிஸ் ஏலக் கம்பெனி ஒரு வாழைப்பழத்தை ஏலம் விட்டது. சுவரிலே டேப் போட்டு ஒட்டிய ஒற்றைப் பழம். இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கட்டலானின் 'கலைப்படைப்பு'! கிரிப்டோ நாணய முதலாளி ஜஸ்டின் சன் அதை 62 லட்சம் டாலருக்கு எடுத்தார். சுமார் 52 கோடி ரூபாய்! பழம் அழுகினால்? வேறு பழம் ஒட்டிக்கொள்ளலாம், அத்தாட்சிப் பத்திரம் இருக்கிறதே! ஒன்பது நாள் கழித்து ஹாங்காங்கிலே பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வைத்து, பழத்தைத் தின்றும் காட்டினார்.

ஏலத்தன்று ஒட்டிய பழம், பக்கத்து நடைபாதைக் கடையில் 35 சென்ட்டுக்கு வாங்கியது. விற்றவர் வங்கதேசத்திலிருந்து குடியேறிய ஒரு முதியவர். கடை அவருடையதல்ல, மணிக்கு 12 டாலர் கூலி. ஏல விலையைக் கேட்டதும் அவர் அழுதுவிட்டார்.

நாம் கணக்குப் போட்டுப் பார்த்தோம். தினம் 12 மணி நேரம், ஒரு நாள் விடாமல் உழைத்து, ஒரு காசும் செலவழிக்காமல் இருந்தாலும், அந்தத் தொகை சேர 117 வருஷம் போதாது!

தின்றவரைப் பார்த்துச் சிரிப்போம். விற்றவரின் கண்ணீரை மறவோம். கன்று நட்டு, தண்ணீர் கட்டி, தார் சுமக்கிறவனுக்குத்தான் தெரியும், தோழர்களே, ஒரு வாழைப்பழத்தின் மெய்யான விலை!