விரலால் தடவிப் படித்தவர்கள்

நம் ஊரில் தெருவுக்குத் தெரு ‘மாண்டிசோரி பள்ளி’ என்று பலகை தொங்குகிறது. உள்ளே போய் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இடம் கேட்டுப் பாருங்கள். “சிறப்புப் பள்ளியில் விசாரியுங்களேன்” என்பார்கள், ரொம்ப மரியாதையாக! சரி, அந்த மரியா மாண்டிசோரி 1900 வாக்கில் ரோமில் யாருக்குப் பாடம் சொன்னார்? படிப்பு ஏறாது என்று ஊர் ஒதுக்கிய பிள்ளைகளுக்கு. அவர்களுக்காகவே எடுவார் செகான் என்ற பிரெஞ்சு மருத்துவர் வகுத்திருந்த பயிற்சிகளை எடுத்து வளர்த்து, எழுத்தை விரலால் தடவிப் பழக வைத்தார். அவர்களில் சிலர் மற்றப் பிள்ளைகளோடு தேர்வெழுதித் தேறினார்கள். எல்லோரும் வியந்தபோது அந்த அம்மையாருக்கு வேறு கவலை: இவர்களே தேறும்போது, குறையொன்றும் இல்லாத பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளி எதைச் செய்து கீழேயே வைத்திருக்கிறது? அந்தக் கேள்வியோடுதான் 1907-ல் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். 1939-ல் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இன்று அந்தப் பெயரில் கட்டணம் வாங்குகிறவர்கள், அந்த முறையைப் பெற்றுத் தந்த பிள்ளைகளையே வாசலில் நிறுத்துகிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். பலகை நீங்களே படிப்பீர்கள்.

ஆகவே என் வாதம் ஒன்றுதான்: சிறப்புக் கல்வி தெரிந்தவர் ஒவ்வொரு பள்ளியிலும் இருந்தால் எல்லாப் பிள்ளைக்கும் லாபம். அங்கன்வாடியில் பிள்ளை பாடிக்கொண்டே எண்ணுகிறது. நல்ல சிறப்புப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் உண்டு. சாதாரணப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் போனால், நாற்பது பிள்ளைக்கும் ஒரே பக்கம், ஒரே வேகம். கொரோனா இடைவெளியை அடைக்க 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்ததே, அது யாருடைய பாடம்? பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கு என்பது சிறப்பாசிரியரின் முதல் பாடம் ஐயா!

“சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைச் சேர்த்தால் வகுப்பு பின்தங்கும்” என்கிறார்கள். உதவிக்கு ஆளே இல்லாமல் ஒரே ஆசிரியர் தலையில் கட்டினால் பின்தங்கும்தான். அது ஆள் போடாதவர் குற்றம், பிள்ளை என்ன செய்யும்? இன்னொரு மறுப்பு கனமானது: காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி பேசும் கூட்டம் வேண்டாமா? வேண்டும். பாளையங்கோட்டையில் நூறாண்டு கண்ட காது கேளாதோர் பள்ளியை மூடச் சொல்ல நான் யார்? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தருகிறது. அருகிலுள்ள பள்ளியில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்றால், அப்புறம் என்ன தேர்வு?

அந்த ஆள் யார்? வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகப் போய், நடக்க முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுத்து, தொகுப்பூதியத்தில் காலம் தள்ளுகிறாரே, அந்தச் சிறப்புப் பயிற்றுநர். அவருக்கு எந்த மேடையில் சால்வை போட்டோம்? சால்வை கிடக்கட்டும், வேலையையாவது நிரந்தரமாக்கினோமா? தொடக்கப் பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று உச்ச நீதிமன்றம் 2021-லேயே சொல்லிவிட்டது. நம் வட்டாரத்தில் எத்தனை பணியிடம், எத்தனை காலி என்று கேட்டு ஒரு மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.