கூடிப் பேசினால் அறிவு நிலைக்கும்



வேளாண்மைச் செய்திகள் இன்று கைபேசி வாயிலாக வீடுதோறும் வந்து சேருகின்றன. ஆயினும், கேட்ட செய்தி நம் நிலத்துக்கும் நீருக்கும் பொருந்துமா என்று ஆராய ஓர் இடம் வேண்டாமா?

1956-ஆம் ஆண்டில், அன்றைய பம்பாய் மாநிலத்தில், ஐந்து மாவட்டங்களைச் சேர்ந்த 150 கிராமங்களில் வானொலிக் கிராம மன்றங்கள் அமைக்கப்பட்டன. மன்றத்தார் வாரம் இரு முறை கூடி, பூனா நிலையத்தின் நிகழ்ச்சியைக் கேட்டனர். கேட்டதைக் கலந்து பேசினர். எழுந்த ஐயங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்பினர். பின்னர் ஆராய்ந்தபோது, மன்றம் இருந்த ஊர்களில் அறிவு பெரிதும் வளர்ந்திருந்தது. வானொலிப் பெட்டி மட்டும் இருந்த ஊர்களிலோ வளர்ச்சி சொற்பமே. ஒலிபரப்பு ஒன்றுதான்; கூடிப் பேசியதே வேறுபாடு.

நம் ஏரியின் மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு முதலில் பாய்ச்சுவது என்பதை நீர்க்கட்டி அறிவார். அது எந்த ஏட்டிலும் இல்லை. அவர் மறைந்தால் அதுவும் மறையும். அலுவலர்களாகிய நாங்கள் மாறுதலாகிச் செல்பவர்கள். ஊரின் அறிவை ஊராரே காக்க வேண்டும்.

ஆகவே, மாதம் ஒருநாள் ஊராட்சி அலுவலகத்தில் கூடுங்கள். நீர்க்கட்டியை அழையுங்கள், பயிரில் நோயை முதலில் காணும், களை எடுக்கும் பெண்களையும் அழையுங்கள். கண்ட பூச்சி, செய்த பரிகாரம், விளைந்த பலன் ஆகியவற்றைப் பேசிக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். பலிக்காததையும் மறையாது எழுதுங்கள். அடுத்த உழவரின் ஒரு போகத்தைக் காப்பது அதுவே.