எந்த நாளை எழுதுவது?



வீட்டு வரவு செலவுக் கணக்கைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன். கணக்கு எழுதுவோர் தொகையில் பிழை செய்வது குறைவு. நாளில் பிழை செய்வதே மிகுதி. ஏனெனில் ஒரே கொடுக்கல் வாங்கலுக்கு இரண்டு மூன்று நாள்கள் அமைகின்றன. காசோலையை நாம் எழுதித் தரும் நாள் ஒன்று. உரியவர் அதனை வங்கியில் செலுத்தும் நாள் ஒன்று. நம் கணக்கிலிருந்து பணம் கழியும் நாள் மற்றொன்று. காசோலை 3 மாதம் வரை செல்லும் என்பதால், இவற்றிடையே பல வாரங்கள் கடந்துவிடுதலும் உண்டு. இவற்றுள் எதனை ஏட்டில் எழுதுவது?

ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், வங்கிக் கணக்குப் புத்தகத்தில் பதிவான நாளையே நானும் எழுதி வந்தேன். அச்சிட்டது பொய்க்காது என்பது என் எண்ணம். ஒருமுறை, வீட்டுக் கதவு செய்து தந்த தச்சருக்குக் காசோலை கொடுத்தேன். வேலை மிகுதியால் அவர் 20 நாள் கழித்தே அதனை வங்கியில் இட்டார். அதற்குள், இருப்பு நிறைவாக உள்ளதென என் ஏட்டில் கண்டு, வேறொரு செலவைச் செய்துவிட்டேன். காசோலை திரும்பிற்று. அவர் என் வாயிலில் வந்து நின்று, "சார், மரக்கடைக்கு இன்னைக்குத் தர்றேன்னு சொல்லியிருந்தேன்" என்று மட்டும் கூறினார். கடிந்து ஒரு சொல்லும் இல்லை. கைமாற்று வாங்கி அன்றே கொடுத்தேன். ஆயினும், மரக்கடையில் தவறிப்போன அவருடைய வாக்கை என்னால் மீட்டுத்தர இயலவில்லை.

வங்கிப் புத்தகம் பொய் கூறவில்லை. பணம் எங்கே இருக்கிறது என்பதை அது கூறிற்று. யாருக்கு உரியது என்பதைக் கூறவில்லை. காசோலையை நீட்டிய கணமே அது தச்சருக்கு உரிய பொருளாயிற்று. தமிழில் 'கடன்' என்னும் ஒரே சொல் கடமையையும், திருப்பித் தரவேண்டிய பொருளையும் குறிப்பதை வகுப்பறையில் பலமுறை விளக்கிய நான், என் ஏட்டில் அதனை மறந்தேன்.

அன்றுமுதல் ஒரு நெறியைக் கைக்கொண்டேன். செலவாயின், பொறுப்பேற்ற நாள். வரவாயின், பணம் வந்து சேர்ந்த நாள். கடன் அட்டையில் மார்ச் 20-இல் துணி வாங்கினால் அது மார்ச் மாதச் செலவே. ஏப்ரலில் அட்டைக்குச் செலுத்தும் தொகை புதிய செலவன்று. பழைய கடனின் தீர்வு. இரண்டையும் செலவென எழுதினால், ஒரு துணிக்கு இருமுறை விலை கொடுத்ததாகக் கணக்குக் காட்டும். பிறர் நமக்குத் தந்த காசோலையோ, வங்கியில் வரவான பின்னரே நமதாகும்.

பழைய வணிகர் முதல் ஏட்டிற்கு 'நாள்வழி' எனப் பெயரிட்டனர். நிகழ்ந்தது நிகழ்ந்த நாளிலேயே ஏறவேண்டும் என்பது அப்பெயரிலேயே அடங்கியுள்ளது. நம் ஏட்டில் நாளுக்கென இரு பத்திகள் இருத்தல் நன்று. ஒன்றில் கொடுத்த நாள். மற்றொன்றில் வங்கியில் பதிவான நாள். மாத இறுதியில், இரண்டாம் பத்தி நிரம்பாத செலவுகளைக் கூட்டி வங்கி இருப்பிலிருந்து கழித்தால், உண்மையில் நமக்கு உரியது எவ்வளவு என விளங்கும். கைப்பேசி வழியே பணம் செலுத்துவோர்க்குப் பெரும்பாலும் இரு நாளும் ஒன்றே.

எழுத மறந்ததைப் பின்னர் எழுதலாம். ஆனால் நிகழ்ந்த நாளையே எழுதுதல் வேண்டும். எழுதவே கூடாத நாள் ஒன்றும் உண்டு. அது நமக்கு வசதியான நாள். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. ஏப்ரல் 3-இல் தந்த நன்கொடைக்கு, வரிச்சலுகை கருதி, மார்ச் 31 என ரசீது கேட்பது சிறு உதவி போலத் தோன்றும். கொடுத்த பொருள் நல்லது. கேட்ட நாள் பொய். ரசீது எழுதுபவரையும் அப்பொய்யில் பங்காளி ஆக்குகிறோம்.

ஆகவே அன்பர்களே, இன்றிரவு உங்கள் ஏட்டைத் திறந்து பாருங்கள். நம் கணக்கில் இருந்தும், வேறொருவர்க்கு உரிய பணம் எவ்வளவு என்று பாருங்கள். அத்தொகையைத் தொடாதிருப்பதே நல்ல கணக்கு.