ஓட்டை இல்லாத நோட்டு
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் நாட்றாம்பாளையத்தில் சமூக அறிவியல் ஆசிரியர். பழைய பணத்தாள்கள் சேர்ப்பது என் பழக்கம். அவற்றில் வகுப்பறைக்கு அதிகம் பயன்பட்டது ஒரு வெளிநாட்டு மாதிரி நோட்டு.

புதிய நோட்டை அடையாளம் தெரிந்துகொள்வதற்காக வங்கிகளுக்கு அனுப்பப்படுவதே மாதிரி நோட்டு. பார்வைக்கு அசல் போலவே இருக்கும். யாரும் செலவழித்துவிடக் கூடாது என்பதற்காக வரிசை எண்ணில் பெரும்பாலும் பூச்சியங்களே இருக்கும். குறுக்கே ‘ஸ்பெசிமன்’ என்று அச்சிடுவார்கள். பலவற்றில் துளையும் போட்டிருப்பார்கள். இது கண்ணுக்குத் தெரியும் ரத்து.

இன்னொன்று சட்டத்தால் வரும் ரத்து. 1938இல் வந்த 10,000 ரூபாய் நோட்டு 1946 ஜனவரியில் செல்லாததானது. 1954இல் மீண்டும் வந்து, 1978 ஜனவரியில் மறுபடியும் செல்லாததானது. 2016 நவம்பர் 8 இரவு பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளுக்கும் அதுவே நேர்ந்தது.

2018இல் இதை நடத்திய மறுநாள், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு பழைய 500 ரூபாய் நோட்டுகளைக் கொண்டுவந்தாள். புளி விற்று அவள் பாட்டி சுருக்குப்பையில் சேர்த்த பணம். “சார், இதுல ஓட்டையே இல்லையே, அப்புறம் ஏன் செல்லாது?” என்று கேட்டாள்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. தாளில் எந்த மாற்றமும் இல்லை. மாற்றம் அறிவிப்பில் இருந்தது. பாட்டிக்கு அதை வாசிக்கத் தெரியாது. வாசித்துச் சொல்லவும் ஆள் இல்லை.

அன்றிலிருந்து வாரம் ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன்: வங்கி, ரேஷன் கடை, ஊராட்சி அறிவிப்பு எதுவானாலும் ஒன்றை வீட்டுப் பெரியவர்களுக்கு வாசித்து விளக்க வேண்டும். தமிழ், கன்னடம், தெலுங்கு என எந்த வீட்டுமொழியிலும் விளக்கலாம். நோட்டின் பின்புற மொழிப்பட்டியலில் இந்த மூன்று மொழிகளும் இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

2023 மே 19 அன்று 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. அப்போது கோடை விடுமுறை. நான் சொல்லாமலே பிள்ளைகள் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்ச் செய்தியை விளக்கியிருக்கிறார்கள்.

செல்லாத நோட்டுகளை வகுப்பில் காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2016இல் ரத்தான நோட்டுகளில் 10 வரை யாரும் வைத்திருக்கலாம். படிப்பு, ஆய்வு, நாணயவியலுக்காக 25 வரை வைத்திருக்கலாம்.

அந்த இரண்டில் ஒரு நோட்டைப் பாட்டி எங்கள் பள்ளிக்கே கொடுத்துவிட்டார். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பை அதைக் காட்டித்தான் தொடங்குகிறேன்.